சுவரைத் தாண்டிய கம்பி

ஒரு விஷயம் உண்மை என்று முழுக்கத் தெரிந்த பிறகும் அதன்படி செய்யாமல் இருப்பது எப்போதாவது சரியாகுமா? புத்தகம் படிக்கிறவர்கள் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு விளக்கை அணைத்துத் தூங்கப் போய்விடலாம். பலகைக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஊருக்கே விளக்கை அணைப்பதும் போடுவதும் அவர் வேலையாக இருந்தது. ஒரு கோடைப் பிற்பகலில் நாற்பத்தோரு நிமிடம் இந்தக் கேள்வி அவர் எதிரில் நின்றது. அவர் சொன்ன பதில் சரியா தப்பா என்பதில் ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

நகராட்சி மின் நிலையத்தின் கண்காணிப்பாளர் அவர். பதவியின் பெயர் நீளமாக இருந்ததால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை. நிலையத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே, சாலையைப் பார்த்தபடி ஒரு கரும்பலகை இருந்தது. மழை குறைந்து, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் பாதியாகிப்போன வருஷத்திலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்கு அவர் ஒரு சாக்குக்கட்டியோடு வெளியே வருவார். மறுநாள் எந்த லைனில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை கரண்ட் இருக்காது என்று எழுதுவார். குமாஸ்தாவிடம் அந்த வேலையைக் கொடுத்ததில்லை. திட்டு வாங்குகிறவன் கையெழுத்தாகவே இருக்கட்டும் என்பார். எழுதி முடித்து ஒரு எட்டு பின்னால் நகர்ந்து பார்ப்பார். அதற்குப் பிறகு அதில் மாற்றம் கிடையாது. ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் சரி, சேர்மன் வீட்டு விருந்து என்றாலும் சரி. அப்படித்தான் பலகைக்காரர் ஆனார். நேரில் பேசுகிறவர்கள் மரியாதைக்கு 'பலகை சார்' என்பார்கள்.

ஊரை ஆறு லைன்களாகப் பிரித்திருந்தார்கள். ஐந்து லைன்கள் பலகையில் முறை வைத்து வரும். ஆறாம் லைன் வராது. ஆஸ்பத்திரி, குடிநீர்ப் பம்பு, தொலைபேசி நிலையம் மூன்றும் அதில் இருந்தன. மின் நிலையமும் அதில்தான். மின் நிலையத்தின் பின்மூலையில், சுவரை ஒட்டி, கண்காணிப்பாளர் குடியிருப்பு இருந்தது. எந்த நேரமும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரவேண்டும் என்று எந்தக் காலத்திலோ கட்டிய இரண்டு அறை வீடு. வளாகத்துக்குள் இருந்ததால் அதுவும் ஆறாம் லைன்.

ஆகவே ஊர் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு வீட்டில் மின்விசிறி சுற்றியது. டீக்கடையில் அதற்கு 'சூரியன் மறையாத வீடு' என்று பெயர். அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் யாராவது முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டால் ஒரே பதில்தான். "நான் இருட்டுல உட்கார்ந்தா யார் வீட்டு விளக்கு எரியும்? ஒரு வீட்டிலும் எரியாது. அப்ப அது நாடகம்தானே?" அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. அவருடைய மனைவி மட்டும் மாலை நேரத்தில் கரண்ட் போகும்போதெல்லாம் பின்பக்க ஜன்னலுக்குத் தடித்த திரையை இழுத்துவிடுவாள். எதற்கு என்று ஒருமுறை கேட்டார். நீங்க பலகையைப் பாத்துக்குங்க, நான் ஜன்னலைப் பாத்துக்கறேன் என்றாள்.

அந்த ஜன்னலுக்கு நேரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நாலாம் லைன் தெரு. தெருவின் முதல் வீடு அவருடைய அக்கா வீடு.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டில் அவரை 'டேய்' என்பாள். அலுவலகத்துக்கு வந்தால் எல்லோர் எதிரிலும் 'சார்' என்று இழுத்துச் சொல்லி மானத்தை வாங்குவாள். அத்தான் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பை மாட்டி மாட்டி ஒரு பக்கம் சரிந்துபோன தோள். வாசற்படியில் நின்று விழுங்கிய புழுதியோ, இறங்கி நின்று இழுத்த பீடியோ, இரண்டும் சேர்ந்தோ, நுரையீரல் இரண்டும் சல்லடையாகியிருந்தன. வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷின் இருந்தது. ஒரு சின்னப் பெட்டி அளவு, அடியில் நாலு சக்கரம். அதிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்கு வரும். "உங்க அக்கா கடைசியில எனக்கு மூக்கணாங்கயிறு போட்டுட்டா மாப்பிள்ளை" என்று அதைப் பற்றிச் சொல்வார். சிரிக்க ஆரம்பித்தால் மூச்சு போதாது. அதனால் அடுத்தவர்களைச் சிரிக்கவைத்துவிட்டு அவர் கையை மட்டும் ஆட்டுவார்.

மெஷினுக்குக் கரண்ட் வேண்டும்.

பலகையில் முதல் முதலாக நாலாம் லைனுக்கு மூன்று மணி நேரம் என்று எழுதிய அன்று அக்கா வந்தாள். வீட்டுக்கு வரவில்லை. அலுவலகத்துக்கு வந்து, மீட்டர் ஓடவில்லை, கம்பம் சாய்ந்திருக்கிறது என்று நின்ற ஆட்களோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் டாக்டர் சான்றிதழ் வைத்த விண்ணப்பத்தை மேஜையில் வைத்தாள். வீட்டில் வந்து கேட்டால் தம்பியிடம் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்றுதான் இங்கே வந்தேன் என்றாள். ஆறாம் லைனிலிருந்து சுவருக்கு மேல் ஒரே ஒரு கம்பி இழுத்தால் போதும், இருபது அடிகூட இருக்காது என்றாள்.

அவர் விண்ணப்பத்தைப் படித்தார். இதே மாதிரி இருபத்திரண்டு விண்ணப்பம் ஏற்கனவே வந்திருக்கிறது, இது இருபத்துமூன்றாவது என்றார். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் இருபத்துமூன்று வீட்டுக்கும் கொடுக்கவேண்டும். அத்தனை வீட்டையும் ஆறாம் லைன் தாங்காது. தாங்காமல் போய், ஆபரேஷன் நடுவில் ஆஸ்பத்திரி அணைந்தால் யார் பதில் சொல்வது? அக்கா பொறுமையாகக் கேட்டாள். விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்து நாலாக மடித்தாள்.

"நீ சொல்றது சரிதான்டா. நீ சொல்றது எப்பவும் சரியாத்தான் இருக்கு."

அலுவலகத்தில் அவரை அவள் 'டேய்' போட்டது அன்றுதான்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஆஸ்பத்திரியோடு மூன்று நாள் பேசி, இருபத்துமூன்று வீட்டுக்கும் ஆளுக்கொரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் இரவல் ஏற்பாடு செய்தார். கரண்ட் இல்லாத நேரத்துக்கு அது. தீர்ந்தால் மறுநாள் காலை மாற்றித் தருவார்கள். அக்கா வீட்டுக்கு அவரே எடுத்துப் போனார். கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். கரண்ட் இல்லாதது மூன்று மணி நேரம். சிலிண்டர் மூன்றரை மணி நேரம். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். அரை மணி மிச்சம் வைத்திருக்கிறாயே, பஸ்ஸையே நாங்கள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிறுத்திவைக்க மாட்டோம் என்றார்.

இதை எல்லாம் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லியிருக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் தள்ளிக்கொண்டே வந்துவிட்டது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் இங்கே உதவிப் பொறியாளராக இருந்தார். ஒரு லைனில் வேலை செய்யப் போகிறவர்கள் மின் நிலையத்தில் 'லைன் கிளியர்' என்று ஒரு சீட்டு வாங்குவார்கள். இந்த லைனை அணைத்திருக்கிறோம், நீங்கள் ஏறலாம் என்று அர்த்தம். வேலை முடிந்ததும் சீட்டைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அப்போதுதான் சுவிட்சைப் போடலாம். சட்டம் அப்படி. நடைமுறையில், ஊர்க்கோடியிலிருந்து சீட்டை எடுத்து வர யாருக்குப் பொறுமை? பக்கத்துக் கடையிலிருந்து போன் செய்து, முடிந்தது, போடுங்கள் என்பார்கள். இங்கே போடுவார்கள். வருஷக்கணக்காக ஒன்றும் ஆகவில்லை. அன்றும் போன் வந்தது. சுவிட்ச் பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் தயங்கினான். இவர் ரிசீவரை வாங்கிக் கேட்டார்.

"அவன் குரல்தான். போடு" என்றார்.

குரல் அவனுடையதுதான். அவன் பொய்யும் சொல்லவில்லை. ஆட்கள் எல்லோரும் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போன் செய்யப் போனான். அவன் கடைக்கு நடந்துபோன பத்து நிமிஷத்தில், கம்பத்தின் மேல் தன் இரும்புக் குறடு ஒன்றை மறந்து வைத்துவிட்ட ஒருவன் அதை எடுக்கத் திரும்ப ஏறினான். சொன்னபோது உண்மையாக இருந்தது, போட்டபோது பொய்யாகிவிட்டது. அந்தக் குறடு பிறகும் இரண்டு நாள் கம்பத்தின் மேலேயே இருந்தது.

விசாரணையில் போன் செய்தவனுக்கும் ஆபரேட்டருக்கும் தண்டனை வந்தது. 'போடு' என்று சொன்னவர் பெயரை ஆபரேட்டர் சொல்லவில்லை. இவரே எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷம் பதவி உயர்வு தள்ளிப்போனது, அவ்வளவுதான். பின்னால் நிலையம் அவர் பொறுப்புக்கு வந்தபோது முதல் நாளே ஒரு விதி போட்டார். போனில் வரும் எந்த வார்த்தைக்கும் சுவிட்ச் போடக்கூடாது. ஏறப் போன ஆட்கள் அத்தனை பேரும் நிலையத்துக்குத் திரும்பி வந்து நிற்கவேண்டும், கருவிப் பையைக் கொட்டி எண்ணிக் காட்டவேண்டும், சீட்டு வாங்கியவன் கையெழுத்துப் போடவேண்டும். லைன்மேன்கள் முணுமுணுத்தார்கள். சந்தேகப் பிராணி என்றார்கள். பத்து வருஷத்தில் ஒரு ஆளும் சாகவில்லை என்பதை அவர்களும் எண்ணிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அத்தானுக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும், கிண்டல் செய்ய. "முப்பது வருஷம் பின்னாடி நின்னு விசில் ஊதினேன். ஒரு டிரைவராவது இறங்கி வந்து, எல்லாரும் ஏறிட்டாங்களான்னு எண்ணிப் பாத்தானா? என் விசிலை நம்பி வண்டி எடுத்தான் மாப்பிள்ளை."

அவர் பேச்சை மாற்றுவார். பதில் சொன்னால் கம்பத்தின் மேல் இருந்த அந்தக் குறடு பற்றியும் சொல்லவேண்டியிருக்கும்.

அந்தப் பிற்பகல் நாலாம் லைனுக்கு ஒன்றிலிருந்து நாலு. எப்படியும் கரண்ட் இல்லாத நேரம்தானே என்று, ஊருக்கு வெளியே செங்கல் சூளைப் பக்கம் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று விரிசல் விட்டிருந்ததை மாற்ற மூன்று பேர் போனார்கள். தலைமை லைன்மேனுக்குக் கொக்கு என்று பெயர். கம்பத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்பதால் வந்தது. சுமை ஆட்டோவில் போனார்கள். கொக்கு சீட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டான்.

மூன்று ஐம்பதுக்குக் கொக்கு கைபேசியில் போன் செய்தான். வேலை முடிந்தது, மூன்று பேரும் ஆட்டோவில் ஏறிவிட்டோம், வந்துகொண்டிருக்கிறோம். நாலு மணிக்கு அன்றைய ஷிஃப்ட் ஆபரேட்டர் சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றான். நாலு ஐந்துக்கு மறுபடி போன். பாதி வழியில் ஆட்டோவின் அச்சு முறிந்துவிட்டது. ரோட்டில் ஈ காக்கை இல்லை. லைனை விட்டு ஒரு மைல் தள்ளி நிற்கிறோம், போட்டுவிடுங்கள் சார் என்றான். பலகைக்காரர் முடியாது என்றார். கொக்குக்கு எரிச்சல் வந்தது. சந்தேகம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள் என்று போனை மற்ற இருவரிடமும் ஒவ்வொருவராகக் கொடுத்தான். ஒருவன் தன் பெயரைச் சொல்லி, ஆஜர் சார் என்றான். இன்னொருவன் சிரிப்பை அடக்க முடியாமல், நானும் உயிரோடதான் இருக்கேன் சார் என்றான். கடைசியாகக் கொக்கு, கருவிகளையும் எண்ணிவிட்டேன், குறடு மூன்று, மூன்றும் என் மடியில் இருக்கிறது என்றான்.

மூன்று குரலும் அவருக்குத் தெரிந்த குரல்தான். மூன்று பேரும் கம்பத்தில் இல்லை என்பதும் தெரியும். நடந்தே வாருங்கள், ஜீப் அனுப்புகிறேன் என்றார். ஜீப் வேறு வேலையாகப் போயிருந்தது. திரும்பி வந்து கிளம்பியபோது நாலு பதினைந்து.

நாலு பதினெட்டுக்கு அக்காவின் போன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. தம்பி, நாலு தாண்டிவிட்டதே, சிலிண்டரில் முள் சிவப்புக்கு வந்துவிட்டது என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் அக்கா என்றார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அது ஊரின் மறுகோடியில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. உடனே திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தார். சுவிட்ச் அறையில் போய் ஆபரேட்டரின் பக்கத்தில் நின்றார். சுவரில் கடிகாரம். கையெட்டும் தூரத்தில் நாலாம் லைனின் பிடி.

ஆபரேட்டர் அவரைப் பார்க்காமல் பேசினான். "கொக்கு பொய் சொல்ல மாட்டான் சார். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்" என்றார்.

அவர் பிடியைத் தொடவில்லை. ஆபரேட்டரைத் தொடச் சொல்லவும் இல்லை. ஊரில் ஒரு கட்சி அவரைக் கல் நெஞ்சுக்காரர் என்பதும், இன்னொரு கட்சி தூக்கிவைத்துக் கொண்டாடுவதும் இந்த இடத்தை வைத்துத்தான். ஆபரேட்டர் மட்டும் பின்னால் ஒரு விஷயம் சொன்னான். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்ததாம். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் காது கொடுத்தானாம். 'அவன் குரல்தான், அவன் குரல்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நாலு நாற்பத்தொன்றுக்கு ஜீப் வந்தது. மூன்று பேரும் குதித்து ஓடி வந்தார்கள். விஷயத்தை டிரைவர் வழியில் சொல்லியிருந்ததால் யாரும் சிரிக்கவில்லை. கொக்கு பையைத் தரையில் கவிழ்த்தான். பலகைக்காரர் எண்ணினார். அந்த நிமிஷத்திலும் எண்ணினார். கொக்கு கையெழுத்துப் போட்டான். சுவிட்ச் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மின்விசிறிகளும் ஒரு வானொலியும் ஒன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸ் ஐந்து நிமிஷம் முன்னாலேயே அக்கா வீட்டு வாசலுக்கு வந்திருந்தது. அது வந்தபோதே வேலையில்லாமல் போயிருந்தது. அவர் உள்ளே நுழைந்தபோது கட்டில் பக்கத்தில் மெஷின் தானாகவே ஓடத் தொடங்கியிருந்தது. குழாய் கீழே கிடந்து காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அக்கா அதை அணைக்கவில்லை. அவர்தான் குனிந்து அணைத்தார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த நுரையீரல் இன்னும் இரண்டு மாதமோ மூன்று மாதமோதான், அரை மணியில் ஒன்றும் இல்லை, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். அவர் தலையாட்டினார். ஆறுதலை மறுக்கவும் இல்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. கொக்கு ஒருநாள் வந்து தலையைச் சொறிந்தான். இரண்டாவது போன் வரவே இல்லை என்று எழுதிவிடலாம் சார், நாங்கள் மூன்று பேரும் அப்படியே சொல்லுகிறோம் என்றான். அவர் பதிவேட்டைத் திறந்து காட்டினார். இரண்டு போனும், மூன்று குரலும் நேரத்தோடு அவர் கையெழுத்தில் இருந்தன. நகராட்சி விசாரித்தது. கண்காணிப்பாளர் விதிப்படி நடந்திருக்கிறார், பாராட்டுக்குரியது என்று ஒரு கடிதம் வந்தது. அதை இழுப்பறையில் குப்புறப் போட்டு மூடினார்.

ஊர் கேட்ட கேள்வி அவரை அவ்வளவு வதைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. சுவிட்சைப் போடாததற்கு அவரிடம் காரணம் இருந்தது. நல்லதோ கெட்டதோ, அது பன்னிரண்டு வருஷமாகச் சுமந்த காரணம். அவரைப் பிடித்தது வேறு ஒன்று. மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, நாலாம் லைனில் ஆறிலிருந்து ஒன்பது. வீட்டுக்குள் வந்தவர் பின்பக்க ஜன்னலில் திரை இழுக்காமல் இருப்பதைப் பார்த்தார். மனைவி மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அறையின் வெளிச்சம் சுவரின் மேல் விளிம்பைத் தாண்டி அக்கா வீட்டு ஜன்னல் வரைக்கும் போய் விழுந்திருந்தது. அவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். காதில் விழவில்லை.

பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்து, வாசலைத் தாண்டி, சுவரைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். எண்ணிக்கொண்டே நடந்தார். மொத்தம் இருநூற்றுப் பத்து காலடி.

மெஷினுக்குச் சக்கரம் இருந்தது.

கம்பியை எப்படி இந்தப் பக்கம் கொண்டுவருவது என்று அக்கா கேட்டாள், அவர் ஏன் முடியாது என்று விளக்கினார். கரண்டை நகர்த்த முடியாது, ஆளை நகர்த்தலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மதியம் ஒரு மணிக்கு முன்னால் அத்தானை ஒரு ஆட்டோவில் உட்காரவைத்து, மெஷினை உருட்டிக்கொண்டு வந்திருக்கலாம். சூரியன் மறையாத வீட்டின் முன்னறையில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். அன்று நாலு பதினெட்டுக்கும்கூட நேரம் இருந்தது. ஆறு லைன்களையும் இருபது வருஷம் தலைக்குள் வைத்திருந்தவர் அவர். தன் வீட்டையும் அதில் ஒரு லைனாகத்தான் பார்த்திருந்தார். ஆட்கள் வந்து உட்காரக்கூடிய இடமாகப் பார்த்ததில்லை.

அக்கா மெழுகுவத்தி வெளிச்சத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வா என்றாள். அவர் நின்றபடியே சொன்னார், திக்கித் திக்கி, பாதி வாக்கியத்தில். எங்க வீட்டுக்கு அழைச்சுட்டு வந்திருக்கலாமே அக்கா, எனக்கு ஏன் தோணலை.

அக்கா மடித்த துணியை மற்றவற்றின் மேல் வைத்து ஓரத்தைச் சரிசெய்தாள்.

"எனக்குத் தோணுச்சுடா."

அவர் பார்த்தார்.

"முதல் நாளே தோணுச்சு. அவர்கிட்டயும் சொன்னேன். நீ ஒத்துக்க மாட்டேன்னு நினைச்சோம்."

குரலில் குத்தல் இல்லை. அப்படி இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு காலில் ஏன் செருப்பில்லை என்று கேட்டாள். உட்கார் என்றாள். அவர் உட்கார்ந்தார். ஒன்பது மணிக்குக் கரண்ட் வரும்வரை அங்கேயே இருந்தார். ஒத்துக்கொண்டிருப்பேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது உண்மைதானா என்று அவருக்கே நிச்சயமில்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பலகையில் வழக்கத்தைவிட ஒரு வரி அதிகமாக இருந்தது. மூச்சு மெஷின் வைத்திருப்பவர்கள் கரண்ட் இல்லாத நேரத்தில் நிலையத்தின் முன்கூடத்துக்கு வரலாம், பிளக் உண்டு, நாற்காலி உண்டு. இருபத்திரண்டு பேரில் பதினாறு பேர் வரத் தொடங்கினார்கள். முன்கூடம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆயிற்று. அவர்களுக்குள் அரட்டையும் சண்டையும் உண்டானது. இதை ஏன் செய்தார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டியதும் இல்லை. முதலிலேயே செய்திருந்தால் என்ன என்று மட்டும் டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

இன்னொன்றைத்தான் யாராலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அதே வாரம் அவர் குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்றார். கையில் இணைப்பு மாற்று விண்ணப்பம். கண்காணிப்பாளர் குடியிருப்பை ஆறாம் லைனிலிருந்து எடுத்து, நாலாம் லைனில் சேர்க்கவேண்டும். குமாஸ்தா, வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ஊரிலேயே இப்படி ஒரு விண்ணப்பம் அவர் பார்த்ததில்லை. 'மாற்றத்துக்கான காரணம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது சார், காலியாக விட்டால் வாங்கிக்கொள்ளக்கூடாது என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். பலகைக்காரர் பேனாவை வாங்கினார். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், அவருடைய வார்த்தையையே அவரிடம் திருப்பிக் கேட்டாள். நாம இருட்டுல உட்கார்ந்தா யார் வீட்டு விளக்கு எரியும்? யார் வீட்டு விளக்கும் எரியாது என்றார். அப்புறம் எதற்கு என்றாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

கொக்குதான் கம்பி இழுத்தான். அக்கா வீட்டு வாசலில் நின்ற நாலாம் லைன் கம்பத்திலிருந்து, சுவருக்கு மேலாக, கண்காணிப்பாளர் வீட்டுக்கு. இருபது அடிகூட இல்லை. அக்கா ஜன்னலில் நின்று பார்த்தாள். கொக்கு ஒற்றைக் காலில் நின்று கம்பியை முறுக்கினான், இறங்கினான், குறடுகளை எண்ணினான், சீட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தான். பலகைக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாக்குக்கட்டியை எடுத்தார். மணி பதினொன்று ஆகியிருந்தது. நாலாம் லைன், ஒன்றிலிருந்து நாலு வரை என்று எழுதினார். ஒரு எட்டு பின்னால் நகர்ந்து பார்த்தார்.